அம்மா ஆடிய ஆட்டம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதி அடித்துவிட்டேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தால் சிரிக்காதே. போனில் பேச முடிவதில்லை, அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். இதைத் தபாலில் போடுவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறாள்.

மூடிப்போன விடுதியிலிருந்து அப்பா தூக்கிவந்த வீடியோ கேம் பெட்டி நினைவிருக்கிறதா? இரண்டு பேர் விளக்கும் வாளுமாக ஆற்றைக் கடந்து கோபுரம் ஏறும் ஆட்டம். பெட்டி செத்துப்போகும் முன்னே நீயும் அப்பாவும் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினீர்கள். உலகத்தில் வேறெங்கும் இது இல்லை என்று பீற்றிக்கொள்வாய். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, நீயும் அம்மாவும் ஆடிப் பதிவு செய்தீர்கள். நான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் கேலி செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பதிவு இப்போது அப்பா கையில். அது படம் அல்ல என்று நீதானே சொன்னாய்? நீயும் அம்மாவும் எப்போது எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது; ஓட்டினால் பொம்மைகள் அதன்படியே நடக்கும். அப்பா உன் பங்கை அழித்துவிட்டு உன் இடத்தில் தான் ஆடுகிறார். நீ நின்ற இடத்தில் அவர் நிற்காவிட்டால் அம்மாவின் பொம்மை வெறும் காற்றை வெட்டுகிறது, பாலம் இறங்காத இடத்தில் கால் வைத்துத் தண்ணீரில் விழுகிறது. "ஐயோ, மறுபடியும் போயிட்டியே" என்று அப்பா முனகுவது சுவரைத் தாண்டிக் கேட்கும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அவன் ஆடினத நீதான் பாத்த. உட்காரு" என்றார். என் கைக்கு எல்லாம் நினைவிருந்தது அண்ணா. அம்மா பாலத்தைத் தாண்டிவிட்டாள். அப்பா கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

இப்போது தினமும் ராத்திரி எழுப்புகிறார். வேலைக்குப் போவதில்லை. "நீ தப்புப் பண்ணா உங்கம்மாதான் விழுவா, பாத்து ஆடு" என்கிறார்.

அன்று ஆட்டம் எங்கே நின்றது என்று அவர் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. கோபுரப் படியில் அம்மா கையை எடுத்துவிட்டு, "கொஞ்சம் இருடா, மூச்சு வாங்குது" என்றாளே. அப்புறம் அவள் எதையும் அழுத்தவில்லை. நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வீடு திரும்பவே இல்லை. அந்தப் படிக்கு வந்தால் அம்மா விளக்கோடு அசையாமல் நிற்பாள். அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அதனால் கோபுரம் தெரிந்ததுமே நான் வேண்டுமென்றே தப்பாக ஆடி அம்மாவை விழவைக்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும். "உனக்கு அவ மேல பாசமே இல்லையாடி?" என்று அப்பா கேட்கிறார். நேற்று விழும் முன் அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அன்று என் கேலிக்கு அவள் திரும்பியபோது கை பொத்தானில் பட்டதாகத்தான் இருக்கும். அப்படித்தான் என்று நீயும் சொல்லேன்.

எனக்குத் தனியாக முடியவில்லை. லீவு கேட்டு வா, கிடைக்காவிட்டாலும் வா. உன் இடத்தில் நீ உட்கார்ந்து அம்மாவை அந்தப் படிவரைக்கும் பத்திரமாகக் கூட்டிப் போ. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
வாலு