சீனி பத்தாத பொம்மை

மச்சான்,

இன்று காலை தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் மூன்றாம் நம்பர் ரோலரைக் கழற்றும்போது ஒரு வாஷர் உள்ளே விழுந்துவிட்டது. பித்தளை வாஷர், காந்தத்துக்கு வராது. கம்பி ஏதாவது இருக்கிறதா என்று கருவிப் பைக்குள் கையை விட்டேன். நூல் பின்னும் உன் குரோஷே ஊசிதான் வந்தது. இரண்டரை மில்லிமீட்டர், பச்சைப் பிடி, பிடியில் நீ கடித்த பல் தடம். கொக்கியை இடுக்கில் விட்டு ஒரு சுண்டு சுண்டினேன், வாஷர் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். டிப்ளோமா படித்த இரண்டு வருடத்தில் இந்தக் கருவியைப் பற்றி எவனும் எனக்கு ஒரு வரி சொன்னதில்லை. நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு ஃபெக்டரி முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாய். நீ இல்லை. அதனால் நானே எழுதி ஒப்புக்கொள்கிறேன்.

நீ சிகரெட்டை விட்ட மாதம்தான் இது ஆரம்பித்தது. ட்ரையர் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து சூடு பார்க்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது. அந்த நேரம் பார்த்து உன் மகள் தர்ஷி யானைப் பொம்மை கேட்டாள். போனில் யாரோ ஒரு பெண் நமக்குப் புரியாத பாஷையில் அமிகுருமி என்கிற நூல் பொம்மை பின்னிக் காட்டினாள். பாஷை தெரியாமல் எப்படிடா படிக்கிறாய் என்று கேட்டேன். "அவ வாய யாருடா பாத்தா? வெரலத்தான் பாக்குறேன்" என்றாய்.

ஹட்டனில் பழைய ஸ்வெட்டர் வாங்கிப் பிரித்து நூல் எடுத்தாய். முதலில் ஒரு சின்ன வளையம், அதற்குள் ஆறு தையல். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்து நான்கு. சுற்று எங்கே தொடங்குகிறது என்று தெரிய முதல் தையலில் ஓர் அடையாளம் மாட்ட வேண்டும். என் பையிலிருந்த ஸ்பிளிட் பின் எல்லாம் அதற்கே போனது. மெஷினுக்கு வேண்டும் என்று நான் கத்தினால், "மெஷின் அழுவாது, எம் மக அழுவா" என்பாய்.

பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான். "என்ன மச்சான், பொம்பள வேலையெல்லாம் பாக்குற?" என்று கேட்டேன். நீ தலையைத் தூக்கவே இல்லை. "கொழுந்து எடுக்குறதும் பொம்பள வேலதான். அதுல வந்த சோத்தத் தின்னுதான நீ டிப்ளோமா படிச்ச?"

எண்ணிக்கையில் நீ எவ்வளவு மூழ்கியிருந்தாய் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. ட்ரையர் சூட்டை மணிக்கு மணி எழுத வேண்டும், இருநூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று நீ எட்டு மணிக்கு 12, ஒன்பதுக்கு 18, பத்துக்கு 24 என்று எழுதி வைத்திருந்தாய். ஃபெக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னடா இது? ட்ரையரா, ஐஸ் பெட்டியா?"

"ஐயா... அது யானை மண்டைங்க."

அவருக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் லீவு போடுங்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு எனக்கும் ஆசை வந்தது. ஒரு நட்டு போல்ட்டை விடவா கஷ்டம் என்று ஓர் உருண்டை பின்னினேன். உள்பக்கம் வெளியே இருந்தது. சொரசொரவென்று பலாப்பழம் மாதிரி. "இஞ்சினியரு, சட்டைய மாத்திப் போட்டுட்டு காலையில பேர் குடுக்கப் பெரட்டுல வந்து நின்ன மாதிரி இருக்கு" என்றாய். அதோடு ஊசியை உன்னிடமே கொடுத்துவிட்டு, ஆலோசனை மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தேன். கேடு அங்கேதான் வந்தது.

யானை உட்காரவில்லை. பஞ்சு அடைத்த உடம்புக்குத் தலை கனம், முன்னால் குப்புற விழுந்தது. ஈர்ப்பு மையம் கீழே இருக்க வேண்டும், அடியில் பாரம் போடு என்றேன். கல் போட்டால் பிள்ளை மண்டை உடையும், மணல் போட்டால் தையல் சந்தில் கொட்டும். வேறு என்ன இருக்கிறது? வேலையாட்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூள் பொட்டலம் உன் வீட்டுச் சட்டியடியில் இருந்தது. அரைக் கிலோவைப் பழைய காலுறையில் கட்டி யானையின் அடியில் வைத்துத் தைத்தாய். யானை ராஜா மாதிரி உட்கார்ந்தது. உன் மனைவி மட்டும், "வீட்டுல குடிக்கத் தூளில்ல, யானைக்கு வந்துச்சு கொழுப்பு! அண்ணே, இது ஒங்க யோசனதான?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தர்ஷி யானையைக் குளிப்பாட்டினாள். குளிருக்கு நீங்கள் வைத்திருந்த வெந்நீரில். நாம் இருவரும் வாசலில் இருந்தோம். உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

"அப்பா! யானை தேத்தண்ணி ஊத்துது!"

பேசின் முழுக்க நல்ல சிவப்பு. என் டிப்ளோமா அந்தத் தண்ணீரில் மிதந்தது. தர்ஷி அழப்போகிறாள் என்று நான் எழுந்து ஓட இருந்தேன். அவளோ பிளாஸ்டிக் குவளையில் மொண்டு உன்னிடம் நீட்டினாள். நீ வாங்கினாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஒரு மிடறு குடித்தாய்.

"சீனி பத்தல" என்றாய்.

அந்த வாரம் முழுவதும் அவள் யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் கடை போட்டாள். தோட்ட லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

அடுத்ததாக அவள் கேட்டது அப்பா பொம்மை. பிறந்த நாளுக்கு வேண்டுமாம். உனக்கு நெஞ்சு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபோது அதையும் கூடவே கொண்டுபோனாய். போர்வைக்கு அடியில் பின்னுவாய். நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டு, சிங்களத்தில் "மட்டத் எக்கக்!" என்று தனக்கும் ஒன்று கேட்டாளே, அவளுக்கு ஒரு முயல் கொடுத்துத்தான் தப்பித்தாய். பத்தாம் நாள் நான் வந்தபோது பொம்மை முடிந்திருந்தது. உன் தொந்தி, உன் பச்சை ஸ்வெட்டர், உன் குட்டைக் கழுத்து. முகம் மட்டும் வெறுமை.

"கண்ணு வைக்கல?"

"எம் மொகம் எனக்கெப்படிடா தெரியும்? கண்ணாடி கொண்டாடா, பாத்துப் போடுறேன். நீ அளந்து கிளந்து தொலைச்சிராத. கண்ணு கிட்டக் கிட்ட இருந்தா கணக்கப்புள்ள முறைக்கிற மாதிரி ஆயிரும்."

"நாளைக்குக் கொண்டாறேன்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மறுநாள் என் மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியைப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தேன். உன் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கண்ணாடியை நான் இன்னும் மாட்டவில்லை. பொலிஸ்காரன் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

ஒரு மாதம் கழித்து, பிறந்த நாளுக்கு முந்தின நாள், தர்ஷி பொம்மையும் உன் ஊசியுமாக என் வாசலுக்கு வந்தாள். முகமில்லாத அந்தப் பொம்மையைத்தான் அத்தனை நாளும் பக்கத்தில் போட்டுத் தூங்கினாளாம். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அவள் அம்மா அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இவள் அழுது திரும்ப வாங்கியிருக்கிறாள்.

"மாமா, கண்ணு வச்சுக் குடுங்க."

"எனக்கு வராது."

"ஒங்களுக்கு எல்லாம் ரிப்பேர் பண்ண வரும்னு அப்பா சொன்னாரு."

நீ இப்படியெல்லாம் வெளியே சொல்லித் திரிந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதல் சிக்கல்: பிளாஸ்டிக் கண் வைக்க முடியாது. அதன் வில்லையை உள்ளேயிருந்து அழுத்த வேண்டும், நீ தலையைப் பஞ்சு அடைத்து மூடிவிட்டாய். நூலில்தான் தைக்க வேண்டும். வர்னியர் எடுத்து அளந்து தைத்தேன். கணக்கப்பிள்ளை முறைத்தார். பிரித்தேன். தள்ளி வைத்தேன். ஆடு பார்த்தது. பிரித்தேன். சரி, உன் கண் எப்படி இருக்கும் என்று போனில் படங்களைத் தேடினேன். மூன்று வருடப் படங்கள், மச்சான். தீபாவளி, தேர், ட்ரையர் பக்கத்தில், பஸ்ஸில். ஒன்றில்கூட நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் குனிந்து மடியைப் பார்க்கிறாய், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தையல் எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். இமை தாழ்ந்த மாதிரி இரண்டு சின்ன வளைவு. யானைக்கு நீ செய்த மாதிரி நூலைக் கழுத்து வழியாக இழுத்துக் கட்டினேன், கண் கொஞ்சம் உள்வாங்கியது. வாய்க்கு ஒரே ஒரு தையல்.

தர்ஷி வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஏதாவது கேட்க வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்! அப்பா எண்ணிக்கிட்டிருக்காரு. பேசுனா தப்பிரும்."

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் பொம்மையின் அடியை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதுல தூள் போடல."

தண்ணீர் பட்டால் என்னவாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், நூல் கறைபடும். பொருளறிவியல் பாடத்தில் படித்ததையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, என் பங்குத் தூளைக் காலுறையில் கட்டி உன் அடியில் வைத்துத் தைத்தேன். இந்தத் தடவை தையல் வெளிப்பக்கம் வெளியேதான் இருந்தது, கவனித்துக்கொள்.

ஞாயிறு அவள் உன்னைக் குளிப்பாட்டினாள். குவளை எனக்கு வந்தது. உன் மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடித்தேன்.

என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னை முந்திக்கொண்டு கதவுப் பக்கமிருந்து அவள்தான் சொன்னாள்.

"சீனி பத்தாதே, அண்ணே?"

நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஊசி இனி என் பையில்தான் இருக்கும், ஸ்பேனருக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் நடுவில். தர்ஷிக்கு அடுத்து அம்மா பொம்மை வேண்டுமாம். ஆறு வரைக்கும் எண்ணிவிட்டேன்.