அக்காவின் கிரெடிட்டுகள்

ஜூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நான் நலம், விடுதிச் சாப்பாடுதான் நலமில்லை. போனில் பேசினால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே "ம்" கொட்டுவாய், அதனால்தான் கடிதம்.

எனக்கு நர்ஸிங் ஒத்துவரவில்லை அம்மா. ஆசிரியர் படிப்புக்கு மாறப்போகிறேன் என்று இங்குள்ள ஆலோசகரிடம் சொன்னேன். பாடம் முடித்தால் தரும் புள்ளிதான் கிரெடிட், ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் கணக்கு வேறாம். நர்ஸுக்கு வார்டில் நின்ற கிரெடிட் வேண்டும், ஆசிரியருக்கு வகுப்பெடுத்த கிரெடிட். அதில் வாங்கியது இதற்குச் செல்லாது. "மூணு வருஷப் பாடம் முடிச்சிட்டு இப்பப் போய் ஏம்மா மாறுற?" என்று கேட்டார். நான் சேர்ந்து ஒரு பருவம்கூட ஆகவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் சின்னவள்

ஜூன் 20

என் கண்ணுக்கு,

சத்தம் போடாதே. உன் விண்ணப்பத்தை நான்தானே நிரப்பினேன். முன்பு படித்த பாடங்கள் என்று கேட்டிருந்த இடத்தில் அக்காவின் நர்ஸிங் மார்க் ஷீட்டுகளை வைத்து அனுப்பினேன். அவர்களும் சரியாகப் பார்க்காமல் உன் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். அவள் உடுப்பையெல்லாம் பிடித்துத் தைத்து உனக்குத்தானே போட்டேன்? காய்ச்சலில் அவள் போய்விட்டாள் என்றால், உயிரைக் கொடுத்துப் படித்த படிப்புமா மண்ணாய்ப் போக வேண்டும்? வயிறு எரிகிறதடி. வாயை மூடிக்கொண்டு நர்ஸிங்கையே முடி.

அம்மா

நவம்பர் 9

அம்மா,

உன் பேச்சைக் கேட்காமல் ஆசிரியர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இந்தப் பருவத்து வார்டு கிரெடிட் எல்லாம் என் கணக்கில் ஏறியிருக்கிறது. தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல வார்டுக்குப் போனேன். வார்டு சிஸ்டர் என் தோளைத் தட்டி, "நேத்து நீ ஊசி போட்டது வலிக்கவே இல்லன்னு பெரியவர் சொன்னாரு. இன்னிக்கு ஏன் பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

மத்தியானம் அறைக்குத் திரும்பினால் என் கட்டிலில் யாரோ படுத்து எழுந்திருக்கிறார்கள். போர்வை சுருட்டிக் கால்மாட்டில் வைத்திருக்கிறது. நம் வீட்டில் அப்படிச் சுருட்டுவது யார் என்று உனக்கே தெரியும்.

அதைவிட மோசம், என் வகுப்பில் இப்போது என் பெயரைக் கூப்பிடுவதில்லை. "நீ எந்த வகுப்பும்மா?" என்று கேட்கிறார்கள். தினமும் கேட்கிறார்கள்.

அலுவலகத்துக்கு நீ ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கிரெடிட்டுகள் மூத்த மகளுடையவை, அவள் இறந்துவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அனுப்பியது நீ என்பதால் நீ சொன்னால்தான் நீக்குவார்களாம். அடுத்த பருவத்தோடு அவள் பட்டம் வாங்கிவிடுவாள். அப்புறம் நான் எங்கே போவேன் அம்மா?

சின்னவள்

நவம்பர் 17

என் தங்கத்துக்கு,

அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். நீ இறந்துவிட்டாய் என்று எழுதக் கை வரவில்லை. உன்னைக் கொண்டுபோன அன்றுகூட அதை நான் என் வாயால் சொன்னதில்லை.

சின்னவள் ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள். அவளிடம் முகத்தைக் காட்டாதே, பாவம், சின்ன வயதிலிருந்தே உனக்கு விட்டுக்கொடுத்துப் பழகிய பிள்ளை. மிச்சம் இருக்கும் பாடத்தையும் நல்லபடியாக முடித்துவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

லீவு விட்டதும் வீட்டுக்கு வா. இரண்டு பேரில் ஒருத்திதான் வர முடியும் என்றால், நீயே வாடி.

அம்மா