சாக்ரடீஸ் செத்த சேதி

17 ஆகஸ்ட் 1958
ஆலங்காயத்திலிருந்து மலைக்கு மண்ணெண்ணெயும் மையும் வந்தன. முதியோர் வகுப்பில் 'ஆ'வன்னாவுக்கு மேல் ஒருவரும் நகரவில்லை. நாளை முதல் எழுத்துக்கு முன்னால் கதை. பெரிய சிந்தனையாளர்களின் வாழ்க்கை. முதலில் சாக்ரடீஸ்.

18 ஆகஸ்ட்
கோயில் முன் நாற்பது பேர். தகப்பன் கல் செதுக்குகிறவர் என்றேன். தாய் பிள்ளைப்பேறு பார்க்கிறவள், "நம்ம பெரியம்மாள் மாதிரி" என்றேன். உதாரணம் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். முப்பத்திரண்டு வருட வாத்தியார் பழக்கம். பெரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஊரில் அந்த வேலையை அவள் வகையறாவைத் தவிர யாரும் செய்வதில்லை.

20 ஆகஸ்ட்
விஷம் குடித்தார், நடந்தார், கால் மரத்தது, படுத்தார். பெரியம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்? கி.மு. 399 என்று பரீட்சையில் எழுதினார்கள், மதிப்பெண் போட்டேன். ஒரு பிள்ளைகூட அழுததில்லை. நெகிழ்ந்துபோய்த் திரும்பினேன்.

21 ஆகஸ்ட்
நெகிழ்ந்திருக்கக் கூடாது. காலையில் ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு வந்தார். பெரியம்மாள் வீட்டில் பதினாறு நாள் தீட்டாம்: பிள்ளைப்பேறு பார்ப்பவள் மகன் என்றால் சாக்ரடீஸ் அவள் வகையறாதானாம். 29ஆம் தேதி அவள் மகள் ரஞ்சிதத்துக்குக் கல்யாணம்.

"நிறுத்தியாச்சுங்க."

"அவர் செத்து ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆச்சு, கவுண்டரே."

"சேதி நேத்துதானே வந்துச்சு? கேட்ட நாள்லேர்ந்துதான் கணக்கு."

"அவர் கிரேக்க தேசம். கடல் தாண்டி."

"நாங்க மட்டும் இன்னா, இங்கியே மொளைச்சோமா? காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்கதான். வழியில யாரு எந்தப் பக்கம் பிரிஞ்சாங்கன்னு யாரு கண்டது?"



23 ஆகஸ்ட்
மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: 29ஆம் தேதி வெள்ளி தவறினால் வேறு பெண். ரஞ்சிதம் நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை.

"எனக்குத் தாத்தா முறை ஆவணும்ன்றாங்க. நான் பாத்ததுகூட இல்ல. நீங்கதானே சாவடிச்சீங்க, வாத்தியாரே? நீங்களே எதுனா பண்ணுங்க."

24 ஆகஸ்ட்
அவர் சாகவில்லை, சிறையிலிருந்து தப்பிவிட்டார், நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். தப்பிக்க வைக்க நண்பர்கள் தயாராக இருந்ததும் உண்மைதானே? ஆனால் அவரே மாட்டேன் என்றார். அவர் போக மறுத்த கதவு வழியாக நான் எப்படி இழுத்து வெளியே விடுவது? இன்னா செய்யறது? அந்தப் பொண்ணு முகம் கண்ணுலயே நிக்குது.

25 ஆகஸ்ட்
கடைசியாக என்ன சொன்னார் என்று துரைக்கண்ணு கூட்டத்தில் கேட்டார். வைத்தியத் தெய்வத்துக்கு ஒரு சேவல் பாக்கி, மறக்காமல் கொடுத்துவிடு என்று நண்பரிடம் சொன்னார் என்றேன்.

"குடுத்தாங்களா?"

தெரியவில்லை என்றேன்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா? வேண்டுதல் நிக்குது. அதான் சேதி இத்தினி வருஷம் அலைஞ்சு நம்மகிட்ட வந்துகீது."

சேவலைக் கொடுத்து, பிள்ளை ஸ்தானத்தில் ஒருவர் மொட்டை அடித்தால் அன்றே தீட்டு கழியுமாம். பெரிய சிஷ்யர் யாரும் இல்லையா என்று பெரியம்மாள் கேட்டாள். பிளேட்டோ இருந்தார், ஆனால் அன்று உடம்பு சரியில்லை, வரவில்லை என்றேன்.

"நல்ல சிஷ்யன்" என்றாள்.

பிறகு எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள்.

27 ஆகஸ்ட்
மொட்டை. மலைக்காற்று நேராக மண்டையில் இறங்குகிறது. சேவல் என் செலவு. சிவப்பு, நல்ல கனம். "சாக்ரடீஸ் பேரால" என்று உரக்கச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

29 ஆகஸ்ட்
கல்யாணம் நடந்தது. என்னைப் பெண் வீட்டு வரிசையில் உட்காரவைத்தார்கள்.

8 செப்டம்பர்
மீண்டும் வகுப்பு. அடுத்தது யார் என்று துரைக்கண்ணு கேட்டார். புத்தர் என்றேன்.

"இருக்காருங்களா?"

நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"அதுக்கில்ல. நீங்க இப்ப எங்க வகையறா. உங்களுக்கு வேண்டியவருன்னா எங்களுக்கும்தான். சாமை அறுப்பு வருது. பதினாறு நாள் வூட்டுல குந்த முடியாதுங்க."

புத்தரை அரச மரத்தடியில் உட்காரவைத்திருக்கிறேன். அறுப்பு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.