சீனி என்று எழுதிய டின்

இன்று காலை ராசா ஊரில், நம் மூத்த மகள் வீட்டு அடுப்படியில் சீனி தேடினேன். அலமாரித் தட்டில் ஏழு டின்கள். ஒன்றின் மேலும் ஓர் எழுத்துக் கிடையாது. டின் வாங்கிய அன்றே வெந்நீர் ஊற்றி மேல்தாளைச் சுரண்டி எடுத்துவிடுவாள் அவள். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். மிளகுத்தூளுக்கு ஒரு தும்மல், சோப்புத்தூளுக்கு ஒரு தும்மல். ஐந்தாவது டின்னில் வெள்ளையாக ஏதோ இருந்தது, வாசனை இல்லை. விரலால் தொட்டேன்; நாக்குக்குக் கொண்டுபோக முடியவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது. சீனியை விடு என்று டாக்டர் நாலு வருஷமாகச் சொல்லி நடக்காதது ஒரு டின்னால் நடந்தது. காப்பியை வெறுமனே குடித்தேன்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். இவளுக்கு ஆறு வயது. நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அதனால் கூலிக்காரர் லயத்து வீடுகளிலேயே அதிகம் படித்தவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். வாத்தியார் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவிலிருந்து பொறுக்கி வந்த சிகரெட் டின்களில் மரவள்ளிமாவுப் பசை தடவி, உப்பு, புளி, சீனி என்று எழுதி ஒட்டினேன். கதவில் கதவு, அம்மியில் அம்மி. சேவல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. உன் முதுகிலும் அம்மா என்று ஒட்டப் பார்த்தேன். நீ கரண்டியை எடுத்தாய்.

மூன்று மாதத்தில் அவள் படித்துவிட்டாள். அதோடு உன்னை நம்புவதையும் விட்டுவிட்டாள். அதை நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய். கவனித்தேன், சிரித்தேன். நீ எது சொன்னாலும் "எங்க எழுதியிருக்கு?" என்பாள். "ஒனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்று உன்னிடமே சொல்வாள். அதை நான் பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ரேஷனில் வந்த சுண்ணாம்பு நாறும் அரிசியை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும், எந்தக் கிழங்கு கசக்கும் என்று மூக்காலும் விரலாலும் அறிந்து எங்களை உயிரோடு வைத்திருந்தவள் நீ. எங்கள் இருவர் கண்ணிலும் நீ படிக்காதவள்.

சீனி தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. டின்னில் எழுத்து மட்டும் மிச்சம். சோப்பும் கிடைக்காத நேரம். ரப்பர் ஸ்டோரில் பழைய பீப்பாயின் அடியில் கிடந்த, பட்டால் வெந்துபோகும் வெள்ளைக் காரத்தூளை, சோப்புக் காய்ச்ச ஆகும் என்று அள்ளி வந்து அந்த டின்னில் கொட்டியது நான்தான். நீ பார்த்தவுடன் சொன்னாய்: "அந்தத் தாளக் கிழிச்சிருங்க. புள்ள படிக்குது." நான் கேட்கவில்லை. என் கையெழுத்து வாழ்நாளில் ஒரு தடவை ஒழுங்காக வந்தது அந்தச் சீனியில்தான். கிழிக்க மனசு வரவில்லை.

மறுநாள் நீ பின்பக்கம் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாய். நான் வாசலில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் டின்னோடு வந்து நின்றாள். அது சீனி இல்லை, தொடாதே என்று நீ சொன்னாயாம். முறையிடுகிறாள்.

"இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

"நீதான் படியேன்."

"சீனி."

"சரி. கெட்டிக்காரி."

அவள் டின்னுக்குள் இருப்பதைக் கேட்டாள். நான் பாடத்துக்கு மார்க் போட்டேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் அள்ளி நாக்கில் வைத்து அலறிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

நீ வாயைக் கழுவிக் கழுவி, இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். எப்படி ஆயிற்று என்று மருந்து கட்டும் டிரஸ்ஸர் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டேன். "இவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. டின்ன மாத்தி வச்சிட்டா." பிள்ளை உன் மடியில் இருந்தது. நாக்குத்தான் வெந்திருந்தது, காது நன்றாகவே கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தாய்.

நாக்கு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் நீ வைக்கும் தட்டை அவள் மோந்து பார்க்கத் தொடங்கினாள். நான் கொடுத்தால் அப்படியே வாங்கித் தின்பாள். முதலில் நீ சிரித்தாய். பிறகு ஒருநாள் கஞ்சி கிண்டிக்கொண்டே, "ஏங்க, என் சோத்த மோந்து பாக்குறா" என்றாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ வேண்டாம் என்றாய்.

"என்னத்தான் நம்பல. ஒங்களையும் நம்பாமப் போனா அந்தப் புள்ள யாரத்தான் நம்பும்?"

எனக்கு அது வசதியாக இருந்தது. நீ கொடுத்த அந்த வார்த்தையைப் போர்த்திக்கொண்டு நாற்பது வருஷம் தூங்கினேன். அவள் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாலும் நீ பரிமாறியதும் தட்டை ஒருமுறை மூக்கருகில் கொண்டுபோவாள். அந்த நேரம் நீ தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து போவாய். போன வருஷம் நீ போகும்வரை அப்படித்தான்.

இன்று அவள் வந்து, திறந்து கிடந்த டின்களைப் பார்த்து, "என்னப்பா, கடையே போட்டுட்டீங்க" என்றாள். ஏனம்மா ஒன்றிலும் பேர் இல்லை என்று கேட்டேன். "அன்னிக்கு அம்மா டின்ன மாத்தி வச்சாங்கல்ல. அந்தப் பயம்லா."

சொல்லிவிட்டேன். கொட்டியது, கிழிக்காதது, ஆஸ்பத்திரியில் சொன்னது எல்லாம். அவள் மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

"நீங்க சரின்னு சொன்னது ஞாபகம் இருக்குப்பா. அதான் தின்னேன்." டின்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டே, "அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவளுடைய கடைக்குட்டி, நம் பேத்தி, இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். சரியா தாத்தா என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: "படிச்சது சரி. நெசமான்னு ஒங்கம்மாகிட்ட கேளு." இந்த ஒன்றை அன்றைக்கு அந்த வாசலில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், நீ போட்ட சோற்றை அவள் மோந்து பார்க்காமல் சூட்டோடு சாப்பிட்டிருப்பாள்.