மாரீஸ்வரனின் முப்பது பேர்

3 ஜூன் 2025, செவ்வாய்

பாம்பே செம்பூரில் காலையிலிருந்தே மழை. மாஹிம் அலுவலகம் போய்ச் சேரப் பத்தரை. மேசையில் மாரீஸ்வரனின் முதல் மாத அறிக்கை. ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முப்பது பெண்கள். சோலார் தகடு பொருத்தவும் பழுது பார்க்கவும் ஆறு மாதப் பயிற்சி. மையத்தை நடத்துவது அவன். பணம் தருவது எங்கள் டிரஸ்ட். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். இதைவிட நல்ல ஏற்பாடு நானே கேட்டாலும் கிடைத்திருக்காது.

பதினேழு வருடத்துக்கு முன், நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த காற்றாலைக் கம்பெனியில், கியர்பாக்ஸ் கருகியதற்குக் காரணம் ராஜபாண்டிதான் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னவன் அவன். காரணம் நான்தான். அதற்காகச் சொல்லிவிடுவதா? என் வேலை போனது. அவன் சைட் மேனேஜர் ஆனான்.

மற்ற மையங்களில் வருகைக்குக் கையெழுத்து போதும். அவன் மையத்துக்கு மட்டும் கட்டைவிரல் மெஷின் வேண்டும் என்று ஏப்ரலில் விதி எழுதினேன். மெஷின் இப்போது சொல்கிறது: முப்பதில் இருபத்திரண்டு பேர் ஒரு நாள்கூட வரவில்லை.

5 ஜூன்

குறிப்பு அனுப்பியாயிற்று. ‘இல்லாத ஆட்களைக் காட்டிப் பணம் பெறுவதாகச் சந்தேகம். இரண்டாம் தவணையை நிறுத்தலாம்.’ டைரக்டர் அனந்தநாராயணன் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட எட்டு வயது சின்னவர். படித்துவிட்டுச் சிரித்தார். “என்ன ராஜபாண்டி, உங்க ஊர்க்காராளே இப்படிப் பண்றாளா?”

உங்க ஊர்க்காராள்! அதையும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

10 ஜூன்

மாரீஸ்வரன் ஏழு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

16 ஜூன், திங்கள்

வந்தே விட்டான். தாராவியில் மச்சான் வீட்டில் தங்கியிருக்கிறானாம். ரிசப்ஷனில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தேன். கூடவே ஒரு பெண், முத்துமாரி. பயிற்சிக்கு வருபவளாம்.

“ஏ பாண்டி, என் மேல கோவம்னா என்னையப் போட்டு மிதி. இந்தப் புள்ள என்ன செஞ்சுது? துட்டு வரலன்னு இவளுவளக் கூட்டிட்டு வார வேன்காரன் நின்னுட்டான்.”

“ரெக்கார்டு சொல்லுது. நான் சொல்லல” என்றேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து, என் ஃபைல் மேலேயே வலது கையை விரித்து வைத்தாள்.

“பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. பதிமூணு வயசுலேந்து பீடி சுத்துதேன். ரேகை எங்கன இருக்கும்? நாங்க இருவத்திரெண்டு பேரும் பீடி சுத்துறவளுவதான். காலைல போனதும் வெரல வைப்போம், மெஷினு கீ கீன்னு கத்தும். ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டு வேலையப் பாக்கப் போயிட்டோம். பொழுதன்னிக்கும் வயர உரிச்சுக்கிட்டு நின்னது நாங்க இல்லாம பேயா?”

ரிசப்ஷன் பெண் சிரித்துவிட்டாள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். மாரீஸ்வரன் ஏற்கெனவே இரண்டு கடிதம் அனுப்பியிருக்கிறான். நான் பிரிக்கவே இல்லை.

கதவருகே போனவன் திரும்பினான். “ஒங்கம்மை என்ன தொழில் பாத்தா பாண்டி?”

17 ஜூன்

தெரியாதா எனக்கு?

தாராவியில் குடியிருந்தபோது ரேஷன் கடையில் அம்மாவின் விரலை மெஷின் ஏற்காது. மூன்று வருடம், மாதாமாதம், நான்தான் கூட்டிப் போனேன். கடைக்காரர் தௌஃபீக் அவள் விரலைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார். “அங்கூட்டா நஹி லக் ரஹா, அம்மா.” கட்டைவிரல் பதியவில்லையாம். நான் அவரிடம் கத்தியிருக்கிறேன் — ஆள் முன்னாடி நிக்குது, மெஷினையா நம்புற?

பீடி சுற்றித்தான் என்னை இன்ஜினீயர் ஆக்கினாள். ஏப்ரலில் அந்த விதியை எழுதும்போது இதெல்லாம் எங்கே போயிருந்தது? மறந்துவிட்டேனாம். சே, யார்ட்டடா கத விடுத?

18 ஜூன்

கடிதத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை அழித்தேன். குறிப்பைத் திரும்பப் பெற்றால் அடுத்த கேள்வி வரும் — அந்த ஒரு மையத்துக்கு மட்டும் ஏன் மெஷின்?

20 ஜூன், வெள்ளி

கொடுத்துவிட்டேன். கேள்வியும் வந்தது.

“அவன எனக்குப் பிடிக்காது சார்.”

அனந்தநாராயணன் பேனாவை மூடி வைத்தார். “இதை மினிட்ஸ்ல எப்படி ஐயா எழுதறது?”

“அப்படியே எழுதுங்க.”

1 ஜூலை

தவணை போய்விட்டது. இனி எல்லா மையத்திலும் கையெழுத்துதான். சரிபார்க்கும் வேலை வேங்கடசுப்ரமணியனுக்கு. எனக்கு நெருளில் பழைய ஃபைல்கள் வைத்திருக்கும் அறை. மனைவி பிரேமலதாவிடம் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. “காலைல அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது. ட்ரெயின்ல உக்காந்தாச்சும் போவீங்க” என்றாள். இருபது வருடக் குடித்தனம்.

3 ஜூலை

மாரீஸ்வரனின் வாய்ஸ் மெசேஜ். “பணம் வந்துட்டு. பதினஞ்சு பேரு திரும்பி வந்தாச்சு. ஏழு பேரு வரமாட்டேங்காளுவ. கள்ளக் கணக்குல எங்க பேரு இருந்துச்சாமேன்னு கேக்காளுவ. ஊரெல்லாம் பேச்சாயிட்டு.”

நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. எதற்குச் சொல்வான்? இருந்தும் எதிர்பார்த்தேன். அவன் மேல் உள்ள ஆத்திரம் ஒரு துளி குறையவில்லை. காரணம்தான் சரியாகச் சொல்ல வரவில்லை.

ஏழு பேரின் நம்பரையும் அனுப்பச் சொன்னேன்.

7 ஜூலை, திங்கள், நெருள்

ஐந்து பேர் எடுக்கவில்லை. ஒருத்தியின் மாமியார் எடுத்து வைதாள். முழுதும் கேட்டுக்கொண்டேன். கடைசியாக இசக்கி.

“யாரு?”

“பாம்பேலேந்து பேசுதேன். ராஜபாண்டி. நீங்க வரலன்னு எழுதுனது நான்தான்.”

பீடி இலை வெட்டும் கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

“வந்தேன்னு இப்ப எழுதிட்டியளா?”

“எழுதிட்டேன். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு.”

“எங்க வீட்டுக்காரருகிட்டயும் இத நீங்களே சொல்லணும்.”

“சொல்லுதேன். கூப்பிடுங்க.”

“சாயந்தரம் வருவாவ.” கத்திரிச் சத்தம் நின்றது. “வேனு எத்தன மணிக்கு?”

எனக்கெப்படித் தெரியும்? கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மாரீஸ்வரனைத்தான் கூப்பிட வேண்டும்.