ஒன்பதாவது விடுப்புக் கடிதம்

தங்கைக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். பள்ளி அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொந்த அக்காவைக் காட்டிக்கொடுத்த நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நேற்று, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போகும் அதிகாரி என் தையல் கடைக்கே வந்துவிட்டார். "பதினாலு வயசு வரைக்கும் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பியே ஆகணும்மா, இல்லேன்னா கேஸ்தான்" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் நோட்டீஸை நீட்டினார். என் மகள் தலை நிமிராமல், யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் என்று எட்டு விடுப்புக் கடிதங்கள் அனுப்பினேன். எட்டையும் வாங்கிக் கோப்பில் வைத்தவள்தானே நீ? ஒன்பதாவதைக் கிழித்துப் போட்டிருந்தால் உன் கை தேய்ந்தா போயிருக்கும்? எனக்கு ஒரு போன் செய்யக்கூடவா மனது வரவில்லை?

அதிகாரி அந்த ஒன்பதாவது கடிதத்தைக் காட்டினார். எப்போதும்போல மகள்தான் எழுதியிருக்கிறாள்: "எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மா கடையில் வேலை செய்கிறேன். பள்ளிக்கு வர ஆசையாக இருக்கிறது." கீழே பெற்றோர் கையெழுத்து. என்னுடையதேதான். மெஷினை மிதித்துக்கொண்டே போட்டிருப்பேன். உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் ஏது?

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"நீ படிச்சுப் பாப்பேன்னுதான் நெனச்சேம்மா" என்றாள்.

திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். அதைச் சாக்கு வைத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்துவிடாதே.

இந்தக் கடிதத்தை நானே எழுதினேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அக்கா