ஏரியடி வெள்ளை மண்

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, கோபித்துக்கொள்ளாதே. இந்த வருடம்தான் எழுதக் கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆனாலும் உனக்கு நானே எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

காகிதம் பறக்காமல் இருக்க ஒரு வெள்ளை மண்கட்டியை மேலே வைத்திருக்கிறேன். விரல் ஈரம் பட்டால் ஏரி மணக்கிறது. உடனே உன் ஞாபகம்.

நம் ஏரி வறண்ட வருடம் ஆராய்ச்சிக்காரர்கள் குழாயை இறக்கி அடிமண் எடுத்தார்களே. போர்வெல்லுக்கு இடம் பார்க்கிறார்கள் என்று நினைத்து, நீ தேங்காயும் கற்பூரமுமாகப் போய் நின்றாய்.

"நம்ம கொல்லைக்கும் ஒரு பாயிண்டு பாத்துக் குடு கண்ணு."

அவர்களோடு வந்த பெண் சிரிக்கவில்லை. "தண்ணி எங்க இருக்குதுன்னு பாக்கலீங்க ஆயா. எப்பெப்ப இருந்துச்சுன்னு பாக்கறோம்."

"போனதப் பாத்து என்னா பண்ணப்போற? சரி, தேங்காய ஒடச்சுட்டேன், நீயே தின்னு."

அப்போது நம் பெரியவன், ஏரிக்குக் கீழே உள்ள நம் கொல்லை நிலத்தை வீட்டுமனைக்கு விற்க ஆள் கூட்டி வந்திருந்தான். நானும் பாதி மனதாக இருந்தேன். நீதான் அசையவில்லை. "ஏரி வருங்க. வர்ற வரைக்கும் ராகி போடலாம்" என்றாய். ஏரி இன்னும் வரவில்லை, அதற்குள் நீ போய்விட்டாய்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்தக் கட்டியும் அவள் கொடுத்ததுதான். தண்ணீர் வற்ற வற்ற அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகப் படியுமாம். ஏரி நிறைந்தால் அதன்மேல் கறுப்பு வண்டல். வெள்ளை மண்ணை மட்டும் வைத்து வயது பார்த்தால், பாறையிலிருந்து கரைந்து வந்த பழைய சுண்ணாம்பு வயதைக் கூட்டிக் காட்டிவிடுமாம். அதனால் அதே அடுக்கில் கிடைத்த, அந்தப் பழைய சுண்ணாம்பு சேராத கோரை விதைகளைச் சோதித்திருக்கிறார்கள். நம் பாட்டன்மார்களுக்கும் வெகு முன்பே, தலைமுறைக் கணக்கில் ஏரி வறண்டு கிடந்ததாம். அதுவும் ஒரு முறை அல்ல. ஆனால் ஒவ்வொரு வெள்ளைக்கு மேலும் கறுப்பு இருக்கிறது.

"அப்ப இந்தத் தடவையும் வருமாங்க?" என்றான் பெரியவன்.

"அத நான் சொல்ல முடியாதுங்க. முன்னாடியெல்லாம் வந்துருக்குது."

அவன் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான். "இந்த வருசமும் ராகியே போடலாம்ப்பா."

"உங்கம்மா சொன்னப்ப காது கேக்கலியாடா?"

"நீங்க மட்டும் கேட்டீங்களா?"

மனைக்கு ஆள் வருவது நிற்கவில்லை. நேற்று இந்தக் கட்டியை எடுத்துப்போய், கொல்லை ஓரத்துப் பாறையில் பெரிதாக எழுதினேன்: 'விற்பனைக்கு இல்லை.' கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்துவிட்டது. ஆனாலும் படிக்க முடிகிறது, நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

மழை வந்தால் அழிந்துவிடும். வரட்டும். அடுத்த வாரம் போய் அதை மறுபடி எழுதிவிட்டு, உனக்கும் எழுதுகிறேன்.